கோடு வரைக்கும் பாட்டு

தெருமுனையில் சுண்ணாம்புக் கோடு போட்டாகிவிட்டது. சேர்மத்துரைதான் போட்டான். கபடிக் கழகத்துக்கு இப்போது அவன்தான் செயலாளர், தொப்பை வைத்துவிட்டது, குனிந்து சிரட்டையால் தூளைத் தட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்தபோது வேட்டி ஒதுங்கி முழங்காலின் பழைய தழும்பு தெரிந்தது. கோடு கொஞ்சம் வளைந்துபோயிற்று. கொம்பையா மாஸ்டர் இருந்தால் அழித்துவிட்டு மறுபடி போடு என்றிருப்பார், வளைஞ்ச கோட்டுக்குள்ள வளைஞ்ச ஆட்டந்தாம்லே வரும் என்று. பொன்மாரி பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். வாசலிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் கண்ணை ஓட்டினாள், திரும்ப வாசலுக்கு வந்தாள், மறுபடி ஓட்டினாள். எட்டுமா. ஒருகாலத்தில் இதெல்லாம் ஒரு தூரமா. இப்போது மார்கழி பிறந்தால் மூச்சிழுப்பு, மாடிப்படி ஏறினால் இழுப்பு, பேத்தியைத் தூக்கினால் இழுப்பு. செங்கதிர் கபடிக் கழகத்தில் ஆட்டக்காரர் யார் செத்தாலும் பாடித்தான் அனுப்புவார்கள். பாடை வாசலை விட்டுக் கிளம்பியதும் ஒருவர் கபடி கபடி என்று தொடங்க வேண்டும், ஒரே மூச்சு, பாடை தெருமுனைக் கோட்டைத் தாண்டுகிறவரை பாட்டை விடக்கூடாது. விட்டால் போகிறவர் எதிராளி களத்திலேயே மாட்டிக்கொண்ட மாதிரி. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியதே கொம்பையா மாஸ்டர்தான். வாய்க்காலில் மூழ்கிப்போன ஒரு ஆட்டக்காரனை எடுத்த அன்றைக்குச் சொன்னார், ஆட்டக்காரன் அழுகைக்குள்ள போவக்கூடாதுலே, பாட்டுக்குள்ள போவணும். இன்றைக்கு அவரே ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறார். தனக்கு யார் பாட வேண்டும் என்பதையும் சொல்லிவைத்திருக்கிறார். பொன்மாரி பாடட்டும்.

காலையில் சேர்மத்துரை போனில் அதைச் சொன்னபோது அழுகையோடு கூடவே ஒரு பெருமையும் வந்ததே, அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது. அடுப்பில் பொங்கிய பாலை மகனை இறக்கச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் மூச்சை இழுத்து, நிறுத்தி, நூல் நூலாக விட்டுப் பழகிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள், ஆசுபத்திரிக்காம்மா போற, என்று கேட்டாள். இல்லை, பாடப் போறேன் என்றாள். அந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். தெருவில் நுழைந்ததுமே பேனர். நடுவில் மாஸ்டர் முகம், அதன் கீழே பழைய பத்திரிகைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். இரட்டைச் சடையும் காலர் சட்டையுமாக ஒரு பெண் வலது கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், பக்கத்தில் அவர் கண் கலங்கக் கைதட்டுகிறார். நேர்மையின் ஆசான் என்று எழுதியிருந்தது. அந்தப் பெண்ணுக்குப் பெயர் போடவில்லை. போட வேண்டியதில்லை, இந்த வட்டாரத்தில் அந்தக் கையைத் தெரியாதவர்கள் கிடையாது. பேனருக்குக் கீழே தண்ணீர்க் கேனிலிருந்து டம்ளரில் பிடித்துக்கொண்டு ஜெயக்கொடி நின்றாள். அந்தக் காலத்தில் வலது மூலையில் நின்று கணுக்காலைப் பிடித்தால் உடும்பு மாதிரி விடாதவள். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றுவிட்டாள், காதில் கல் வைத்த தோடு. ஏட்டி பொன்மாரி, நீ பெரிய மனசுக்காரிட்டி, என்றாள். எதுக்கு என்று கேட்டாள் இவள்.

“அவுக ஒன்னைய அப்பிடி அறுத்து விட்டும் வந்து பாடுதியே, எனக்கெல்லாம் வராது.”

“யாரு அறுத்து விட்டா?”

ஜெயக்கொடி டம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டு இவளைப் பார்த்தாள். “ஒனக்குத் தெரியாதாக்கும்? நாங்க எல்லாரும் ஒனக்குத் தெரியும்னுல்லா நெனச்சிருக்கோம். நேஷனலுக்கு ரயில்ல போவும்போது நான் மேல் பெர்த்துல படுத்திருக்கேன். கீழ கமிட்டிக்காரரு கேக்காரு, என்ன மாஸ்டர், லிஸ்ட்டுல ஒங்க பிள்ள பொன்மாரி பேரை நீங்களே அடிச்சிட்டியளேன்னு. அவுக சொல்லுதாவ, நேர்மைய வச்சு மாலை வாங்கலாம்வே, கப்பு வாங்க முடியாது, அவ அங்க வந்தும் கையைத் தூக்குவான்னு. நான் தூங்குத மாதிரி கெடந்துட்டேன்.” பிறகு மீதித் தண்ணீரைக் குடித்தாள். டம்ளரைக் கவிழ்த்துவைத்தாள். மூட்டுவலிக்கு ஏதோ எண்ணெய் வந்திருப்பதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

எண்ணெய். வாசனை இல்லாத எண்ணெயாம், தேய்த்த உடனே சேலை உடுத்துக்கொள்ளலாமாம். அதையெல்லாம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நீங்களே அடிச்சிட்டியளே. எந்தப் பேனாவால் அடித்திருப்பார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பச்சை மைப் பேனா இருக்கும், அதை வைத்துத்தான் பிள்ளைகளின் கையில் உடைந்த எலும்பு இருக்கும் இடத்தில் வட்டம் போடுவார், இங்கதான் இங்கதான் என்று. அந்த மையாலா. யாருக்கும் கேக்கலையே என்று சொன்ன அதே வாயாலா. ஐயோ, அது. அதை ஏன் இப்போது நினைக்கிறாள். அதை நினைக்கக் கூடாது. மைதானத்தில் அன்று வெயில் சாய்ந்திருந்தது, மாநில இறுதி ஆட்டம், கயிற்றுக்கு வெளியே ஜனம் வாழைத்தாரில் காய் மாதிரி நெருங்கி நின்று விசிலடித்தது. கடைசிப் பாட்டு அவளுடையது. உள்ளே போனாள், இடது மூலைக்காரியைத் தொட்டாள், அடுத்தவள் இடுப்பில் பாய்ந்தாள், அவளையும் இழுத்துக்கொண்டே வந்தாள், மண் வாய்க்குள் போயிற்று, நடுக்கோடு கைக்கெட்டும் தூரத்தில் வெள்ளையாக மின்னிற்று, அப்போது நெஞ்சுக்குள் ஒரு நூல் அறுந்தது. அவ்வளவுதான். கபடியின் டி வரவில்லை. வாய் அசைந்தது, சத்தம் இல்லை. அந்த இரைச்சலில் நடுவருக்கு என்ன கேட்கும். கோட்டைத் தொட்டாள், கூட்டம் எழும்பியது, ஜெயக்கொடி ஓடிவந்து தூக்கினாள். கோப்பை இவர்கள் அணிக்குத்தான். பொன்மாரி தரையில் இறங்கிக் கையைத் தூக்கினாள். பாட்டு விட்டால் கையைத் தூக்கு, நடுவர் பார்த்து ஊதுகிறவரை இறக்காதே. மாஸ்டர் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதானே, தொடுவதற்கும் பிடிப்பதற்கும் முன்னால். கூட்டம் முதலில் புரியாமல் கத்தியது, பிறகு மெல்ல மெல்ல அடங்கியது. நடுவர் திரும்பினார். ஊதினார். ஆட்டம் போயிற்று. மாஸ்டர் ஓடிவந்து இன்னும் இறங்காத கைக்குப் பக்கத்தில் நின்று கைதட்டினார், பத்திரிகைக்காரர் படம் எடுத்தார், பிறகு எல்லோரும் பார்க்கக் கட்டிப்பிடித்தார், அவர் வாய் அவள் காதருகில் இருந்தது. யாருக்கும் கேக்கலையே புள்ள, என்றார். இத்தனை வருஷமாக அந்த வார்த்தையை அவள் ஒரு நகை மாதிரி எடுத்துப் பார்த்துப் பார்த்துப் பொத்தி வைத்திருந்தாள். யாருக்குமே கேட்காததைக்கூட ஒப்புக்கொண்டாயே, அப்படிப்பட்ட பிள்ளையா நீ. அப்படித்தான் அது இருந்தது. இப்போது அதே குரலை எடுத்துப் பார்த்தால் அதில் பல் கடிக்கிற சத்தம் கேட்கிறது. அப்போதே கேட்டதா, இல்லை இப்போது இவள் போட்டுக்கொள்கிறாளா. கட்டிப்பிடித்த கை முதுகில் அழுந்தியது, அது தாங்கலா, நெரிப்பா. முதுகுக்கு ஞாபகம் இல்லை. முதுகு அன்றைக்கு வேர்வையாக இருந்தது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

பந்தலுக்குள் ஆண்கள் இரண்டு பேர் மாஸ்டரின் ஆட்டத்தைப் பற்றி வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் காலத்துல மதுரையில ஆள் மேல ஏறி அந்தப் பக்கம் குதிச்சாருவே, என்றார் ஒருவர். நீரு பாத்தீரா, என்றார் மற்றவர். எங்க மாமா பாத்தாரு. ஒம்ம மாமாவுக்கு அன்னைக்கே ரெண்டு கண்ணும் தெரியாதுல்லா. கண்ணு தெரியாட்டா என்னவே, கூட்டம் கத்துனது காதுல விழாதா. இருவரும் சிரித்துவிட்டு, சாவு வீடு என்பது நினைவு வந்து துண்டால் வாயைத் துடைத்தார்கள். ஏறிக் குதித்தது நிஜம்தான். பொன்மாரி பார்த்திருக்கிறாள். சிறுமியாக அப்பாவின் தோளில் உட்கார்ந்து, மதுரையில் இல்லை, பாளையங்கோட்டையில். ஐந்து பேர் கை கோத்து வளைக்கிறார்கள், அவர் ஓடவில்லை, அவசரப்படவில்லை, ஏதோ மாவரைக்கிற மாதிரி நிதானமாகப் பாடிக்கொண்டே ஒருவனுடைய தொடையில் கால் வைத்து, தோளில் கால் வைத்து, அந்தப் பக்கம் இறங்கிக் கோட்டுக்கு நடந்து வந்தார். நடந்து. அப்படி ஒரு ஆள் பொய் சொல்ல முடியுமா என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த நடையைப் பார்த்துத்தான் அவள் சடுகுடு என்றால் கபடி, கபடி என்றால் கொம்பையா என்று பைத்தியமானாள். பிறகு அவரிடமே போய்ச் சேர்ந்தாள். உள்ளங்கையில் திருநீறு வைத்து அதன் மேல் குனிந்து பாடச் சொல்வார். திருநீறு பறந்தால் மூச்சு வீணாகிறது என்று அர்த்தம். மற்ற பிள்ளைகள் கையெல்லாம் வெள்ளையாகப் பறக்கும், மூக்கெல்லாம் சாம்பல், கோயில் யானை மாதிரி தும்முவார்கள். பொன்மாரியின் கையில் ஒரு துகள் அசையாது. அவர் அந்தத் திருநீற்றை எடுத்து அவள் நெற்றியிலேயே பூசிவிடுவார். அந்த விரல். பச்சைப் பேனா பிடித்த விரல்.

நேஷனலுக்குப் போகும் அணியின் பட்டியல் அவள் பெயர் இல்லாமல் வந்த மறுநாள் ஆப்பிளும் மலைவாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அப்பா பெஞ்சைத் துடைத்துப் போட்டார். மாஸ்டர் உட்காரவில்லை. நான் எவ்வளவோ மல்லுக்கட்டுனேம்மா, கமிட்டியில எவன் கேக்கான், என்று சொல்லிவிட்டுத் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பொன்மாரிக்குத் தன் வருத்தம் போய் அவர் மேல் வருத்தம் வந்துவிட்டது. நீங்க அழாதீய மாஸ்டர் என்று இவள்தான் தேற்றினாள். காப்பி போட்டுக் கொடுத்தாள், சீனி கூடப் போட்டு. அந்தக் காப்பியைக் குடித்தாரே. முழுவதும் குடித்தாரே, டம்ளரைச் சாய்த்து அடியில் கரையாத சீனியை விரலால் வழித்துக்கூட. அந்தப் பட்டியலில் போனவர்களெல்லாம் ரயில்வே வேலைக்குப் போனார்கள். அவள் சத்துணவுக்கூடத்துக்குப் போனாள், பெரிய அண்டாவில் சாம்பார் கிளறினாள், புகையில் நெஞ்சு கெட்டது, இழுப்பு வந்தது. போகட்டும், வேலை என்பது யாருக்கு எங்கே எழுதியிருக்கிறதோ. அதுகூட இல்லை, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூட ஆண்டுவிழா எங்கே நடந்தாலும் அவர் கூட்டிக்கொண்டு போவார். மேடையில் நிறுத்துவார். பிள்ளைகளே, இவுகதான் அந்தப் பொன்மாரி. அம்மா, ஒருக்கக் கையைத் தூக்கிக் காட்டும்மா. அவள் தூக்குவாள். பிள்ளைகள் கைதட்டும். கண்ணெல்லாம் நீர் தளும்ப அவரும் கைதட்டுவார். அடித்த பெயரை மேடையில் ஏற்றி ஏற்றி இறக்கினார், ஆட்டத்தில் தோற்ற கையை வைத்து எத்தனை மாலை. நேர்மைய வச்சு மாலை வாங்கலாம்வே. சொன்னபடிதான் வாங்கியிருக்கிறார், பொய் சொல்லவில்லை. முதல் பிரசவத்தில் பையன் பிறந்ததும் மாமியார் குலசாமி பெயர் வைக்கச் சொன்னாள். இவள் பிடிவாதம் பிடித்துக் கொம்பையா என்று வைத்தாள். இன்று காலைகூட, கொம்பையா, அந்தப் பாலை எறக்குலே, என்று கத்தியிருக்கிறாள். இனி அவனை என்னவென்று கூப்பிடுவது. நாளைக் காலையில் தம்பி என்று கூப்பிட்டால் என்னம்மா உடம்புக்கு என்று கேட்பான்.

பாடாமல் போய்விடலாம். இழுப்பு வந்துவிட்டது என்று சொல்லி ஓரமாக உட்கார்ந்துவிடலாம், பொய்யும் இல்லை. அல்லது பாட ஆரம்பித்துப் பாதியில் வேண்டுமென்றே விட்டுவிடலாம், அவர் நடுத்தெருவில், எதிராளி களத்தில், கால் பிடிபட்டுக் கிடக்கட்டும். செத்த மனிதனை இப்படி நினைக்கலாமா. நினைக்கலாம் என்றது ஏதோ ஒன்று. அதற்குள் உள்ளே அழுகை உயர்ந்தது, ஐஸ் பெட்டியின் இரைச்சல் நின்றது, நின்ற பிறகுதான் இவ்வளவு நேரம் அது இரைந்துகொண்டிருந்ததே தெரிந்தது. எடுக்கிறார்கள். சாம்பிராணியும் ரோஜாவும் வேர்வையும் ஒன்றாக வெளியே வந்தன. மாஸ்டரின் மனைவி நிலைப்படியில் சாய்ந்து நின்று இவள் கையைப் பிடித்தாள். “பொன்மாரி, நல்லா சத்தமாப் பாடும்மா. அவுகளுக்கு இந்த ரெண்டு வருசமா காது மந்தம்.” அந்தக் கை சூடாக, மாவு மாதிரி மெத்தென்று இருந்தது. இந்த அம்மாளுக்குத் தெரியுமா. தெரிந்திருக்கலாம். தெரியாமலும் இருக்கலாம். பூவுக்குள் மாஸ்டர் சின்னதாகிக் கிடந்தார், மூக்கில் பஞ்சு, பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஆள் மேல் ஏறிக் குதித்த கால். கட்டின் முடிச்சு தளர்வாக இருந்தது, யாராவது சரிசெய்தால் நல்லது என்று தோன்றியது, தோன்றியதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அக்கா, ஆரம்பியுங்க, என்றான் சேர்மத்துரை. கொட்டுக்காரர்கள் ஓங்கி அடித்தார்கள். குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். களத்தில் இறங்குமுன் செய்வது, கை தானாகச் செய்தது, கையைக் கேட்டுக்கொண்டா செய்கிறது. மூச்சை இழுத்தாள். கபடி. பாதியில் விட்டுவிடுவது என்றுதான் முதல் அடி வைத்தாள். கபடி கபடி கபடி. பாடை தோளில் ஏறிப் பின்னால் வருகிறது, பேனர் தாண்டியது, தண்ணீர்க் கேன் தாண்டியது, இங்கே விடலாம், வேண்டாம், அந்த விளக்குக் கம்பம் வரைக்கும் போகட்டும். கபடி கபடி. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது, திருநீறு இல்லாத வெறும் கை, அதில் காற்றே படவில்லை, ஒரு துகள் அசைந்திருக்காது, இத்தனை புகைக்கும் இத்தனை வயசுக்கும் பிறகும். இது அவர் கொடுத்ததா. அவரிடம் போய்ச் சேருமுன்பே அப்பாவின் தோளில் உட்கார்ந்து முணுமுணுத்ததுதானே, இந்த நெஞ்சு இவளுடையதுதானே. கபடி கபடி கபடி. அவளுக்கு விட மனமில்லை. அவருக்காக இல்லை. பாட்டுக்காக. இந்தப் பாட்டு நன்றாக இருந்தது, மாவரைக்கிற மாதிரி நிதானமாக, விளக்குக் கம்பம் போயிற்று, கொட்டு காதை அடைத்தது, கால் வலி எங்கோ யாருக்கோ வலித்தது, கோடு வெயிலில் மின்னிற்று, வளைந்த கோடு, கபடி கபடி, இன்னும் இரண்டு எட்டு, இன்னும், நெஞ்சுக்குள் நூல் அறுந்தது.

வாய் அசைந்தது. சத்தம் இல்லை. பாடை அவளைக் கடந்து கோட்டைத் தாண்டியது. தூக்கியவர்களின் செருப்பில்லாத கால்களில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டு போயிற்று. கூட்டம் விசிலடித்தது, தாண்டிட்டாரு தாண்டிட்டாரு என்று யாரோ குரல் உடைந்து சொன்னார்கள். கொட்டு நிற்கவில்லை. ஒருவருக்கும் கேட்கவில்லை. பொன்மாரி வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். தூக்காதே. இப்படியே நின்றால் ஊருக்கு நிம்மதி, அந்த அம்மாளுக்கு நிம்மதி, போகிறவருக்கும் நிம்மதி. அன்றைக்கு இப்படி நிற்கத் தெரிந்திருந்தால் அவரே தன் பேனாவால் உன் பெயரை முதலில் எழுதியிருப்பார். சும்மா இரு. அவருக்குப் பிடித்த பிள்ளையாக ஒரு தடவை இருந்துவிட்டுப் போ. பிடித்திருந்த கை வழுக்கியது. வலது கை எழுந்தது. காதைத் தாண்டி, தலையைத் தாண்டி, பேனரில் இருக்கிற அதே உயரத்துக்கு.

சேர்மத்துரை திரும்பிப் பார்த்தான். அவன் கண் நிறைந்துவிட்டது. “அக்கா கையைத் தூக்கிட்டாவ. எல்லாரும் தூக்குங்கலே, மாஸ்டருக்குத் தூக்குங்க.” தெரு முழுக்கக் கைகள் எழுந்தன. மாடியில் நின்றவர்கள் தூக்கினார்கள், கொட்டுக்காரன் குச்சியோடு தூக்கினான், வாக்குவாதம் செய்த இரண்டு பேரும் தூக்கினார்கள். செல்போன்கள் இவளை நோக்கித் திரும்பின. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள், மூச்சில்லாத வாயிலிருந்து இழுப்பின் விசில்தான் வந்தது. அழுகை என்று நினைத்து யாரோ முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெயக்கொடி வந்து நின்றாள். இவள் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏட்டி. பாட்டை விட்டுட்டியோ?”

பொன்மாரி ஆமாம் என்று தலையசைத்தாள்.

“யாருக்கும் கேக்கலைட்டி. எறக்கு.”

பாடை திருப்பத்தில் மறைந்தது. ஆண்கள் அதன் பின்னால் போனார்கள். பெண்கள் வழக்கம்போல் தெருமுனையோடு நின்று, ஒவ்வொருவராகக் கையை இறக்கி, மூக்கைச் சிந்தி, வீட்டைக் கழுவிவிட வேண்டும் என்று பேசிக்கொண்டு திரும்பினார்கள். கோடு மிதிபட்டு வெறும் வெள்ளைப் புழுதியாகக் கிடந்தது. ஜெயக்கொடி முழங்கையைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தாள். எல்லாக் கைகளும் இறங்கிய அந்தத் தெருவில் பொன்மாரி கையைத் தூக்கியபடியே நின்றாள், நடுவர் இன்னும் ஊதவில்லை.